மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் எலும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரு பெண்ணுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ந்திருந்த கட்டியை, தலையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். பார்வை மங்கிப் போய் வந்தவர் நாலாம் நாள் பேப்பர் படித்தார் என்று எழுதியிருந்தீர்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆபரேஷன் எத்தனை மணி நேரம் நடந்தது, வெளியில் செய்தால் எவ்வளவு ஆகும், காப்பீட்டுத் திட்டத்தில் எப்படி இலவசமாக நடந்தது என்று எல்லா விவரமும் இருந்தது. மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் எலும்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. நான் 32 வருடம் மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியல் சொல்லிக் கொடுத்து 2016-ல் ஓய்வு பெற்றவள். அந்த எலும்பைத்தான் வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தேன். அதைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கடிதம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டையோடு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மின்கம்பத்து ‘அபாயம்’ தகட்டில் இருக்கும் படம்தான். அது முகம். நான் சொல்வது அதற்கு உள்ளே, கீழே இருப்பது. மண்டையோட்டின் மேல்மூடியை வட்டமாக அறுத்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் ஒரு தரை தெரியும். மூளை உட்கார்ந்திருக்கும் தரை. அதைத்தான் மண்டையோட்டின் அடித்தளம் என்கிறோம். சமதரை இல்லை. தெப்பக்குளத்துப் படித்துறை மாதிரி மூன்று படியாக இறங்கும். முன்படி கண்களுக்கு மேலே இருக்கிறது. நடுப்படியில் ஸ்பினாய்டு என்ற எலும்பு வௌவால் சிறகை விரித்தது போல இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும். கடைசிப் படிதான் ஆழமானது. அதன் நடுவில் பெரிய துளை. மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் வழி அது.

இந்தத் தரை முழுக்க ஓட்டைகள். மூளையிலிருந்து கண்ணுக்கும் காதுக்கும் முகத்துக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகள், கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய்கள், திரும்பி இறங்குகிறவை, எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போய் வருகின்றன.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் போர்மேனாக இருந்தார். வீட்டில் மருந்து முக்காத வெறும் தீக்குச்சி கட்டுக் கட்டாகக் கிடக்கும். நான் பாடம் நடத்தியது அந்தக் குச்சிகளை வைத்துத்தான். ஃபோராமென் ஓவேல் என்ற முட்டை வடிவத் துளையில் தீக்குச்சி தாராளமாகப் போகும். கீழ்த்தாடைக்குப் போகும் நரம்பின் வழி அது. அதற்குக் கொஞ்சம் பின்னால், வெளிப்பக்கமாக ஃபோராமென் ஸ்பினோசம். அதில் தீக்குச்சி மாட்டிக்கொள்ளும், துடைப்பத்து ஈர்க்குச்சிதான் நுழையும். பெரும்பாலும் அது வழியாக வரும் ரத்தக்குழாய் கிழிந்தால்தான், தலையில் அடிபட்டு எழுந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் மயங்கி விழுவது நடக்கிறது. பையன்களிடம் ஒரு கட்டுக் குச்சியைக் கொடுத்து, “உள்ளே எங்கே விடுகிறாய், வெளியே எங்கே வருகிறது, சொல்” என்பேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்கிறவர்களும் உண்டு. அப்படிச் சொன்னவர்களில் 2 பேர் இப்போது நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள்.

சரி, செய்தியில் வந்த ஆபரேஷனுக்கு வருகிறேன். ஸ்பினாய்டு எலும்பின் நடுவில், மேல்பக்கத்தில் குதிரைச் சேணம் போல ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் பெயரே துருக்கிச் சேணம் என்றுதான், லத்தீனில் செல்லா டர்சிகா. கொண்டைக்கடலை அளவு பிட்யூட்டரி சுரப்பி அந்தச் சேணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே ஸ்பினாய்டு எலும்பு பெரும்பாலும் உள்ளீடற்றது, காற்று நிறைந்த அறை. மூக்கின் பின்கோடிக்குப் போய் அந்த அறைக்குள் நுழைந்து கூரையைத் திறந்தால் பிட்யூட்டரி. ஹெர்மன் ஷ்லோஃபர் 1907-ல் இன்ஸ்ப்ரூக் நகரில் இந்த வழியாக முதல் ஆபரேஷன் செய்தார். சி.டி. ஸ்கேன் வந்ததே 1971-ல்தான். அவருக்குப் பெரும் துணையாக இருந்தது இறந்தவர்களின் எலும்பில் படித்த அறிவு.

வழி கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். அறையின் இரண்டு பக்கச் சுவரிலும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் வளைந்து ஏறுகின்றன. மேல் ஓரத்தில் பார்வை நரம்புகள். இவற்றை மூடியிருக்கும் எலும்பு பலருக்கு முட்டை ஓடு கனம்தான், சிலருக்குச் சில இடத்தில் எலும்பே இருக்காது, வெறும் சவ்வுதான். அறைக்கு நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். அது நட்டநடுவில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பக்கமாகச் சாய்ந்துபோய் நேராகக் கரோட்டிட்டின் மேல் உள்ள எலும்பிலேயே முட்டி நிற்பது சகஜம். அது தெரியாமல் அந்தத் தடுப்பைப் பிடித்துத் திருகி ஒடித்தால் தமனியின் சுவரும் சேர்ந்து கிழியும். தெரிந்தவர்கள் திருக மாட்டார்கள், டிரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார்கள். சிலருக்கு அந்த அறை சேணத்துக்கு அடிவரை வராமல் பாதியிலேயே நின்றுவிடும், அங்கே எலும்பு கெட்டியாக இருக்கும். சிறு குழந்தைகளுக்கு அறையே இன்னும் உருவாகியிருக்காது. அந்தப் பெண்மணி நாலாம் நாள் பேப்பர் படித்தார் என்றால், அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கு இந்த எலும்பு அத்துப்படியாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

2009-ல் என் அண்ணன் மகன் சாத்தூர் பக்கம் நாலுவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் இல்லை. பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது ராத்திரி 11 மணி. மதினி வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார். உள்ளே போனேன். இரண்டு கண்ணைச் சுற்றியும் கருநீலமாக வீங்கியிருந்தது. வலது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து தலையணை உறை நனைந்திருந்தது. அந்தக் கறையைப் பார்த்தேன். நடுவில் ரத்தம், அதைச் சுற்றி நிறமில்லாத ஈர வளையம். வெறும் ரத்தமாக இருந்தால் அப்படி வளையம் கட்டுவதில்லை. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கலந்து வருகிறது, முன்படியில் எலும்பு உடைந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் டியூட்டி டாக்டர் வயிற்றைக் காலி செய்ய ரைல்ஸ் ட்யூபை எடுத்து நுனியில் ஜெல்லி தடவிக்கொண்டிருந்தார். மூக்கு வழியாகப் போடப் போகிறார். நான் குரல் கொடுத்தேன். “தம்பி, மூக்கு வழியாக வேண்டாம். வாய் வழியாகப் போடுங்கள்.” திரும்பினார். ட்யூபைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. “மேடம்...” என்றார். என் மாணவர். 2001 பேட்ச்.

விவரம் இதுதான். மூக்கின் கூரை ஒரு சல்லடை. எத்மாய்டு எலும்பின் ஒரு தகடு அது, சின்னச் சின்னத் துளைகளோடு இருக்கும். வாசனை நரம்பின் இழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகின்றன. அந்தத் தகடு நொறுங்கியிருக்கும்போது மூக்கில் விடுகிற ட்யூப் தொண்டைக்கு இறங்காமல் மேலே ஏறி மூளைக்குள் போய்விடலாம். போயிருக்கிறது, மருத்துவ இதழ்களில் எக்ஸ்ரே படத்தோடு பதிவாகியிருக்கிறது.

ட்யூபை வாய் வழியாகப் போட்டார். பையன் பிழைத்தான். நீர் ஒழுகுவது படுக்கையிலேயே ஒரு வாரத்தில் தானாக நின்றது. ஆனால் வாசனை இழைகள் அறுந்தது அறுந்ததுதான். இன்று அவனுக்கு 2 பிள்ளைகள். மல்லிகைப்பூ வாசனை தெரியாது. அடுக்களையில் கேஸ் கசிந்தாலும் தெரியாது, அதற்காகவே ஒரு அலாரம் வாங்கி மாட்டியிருக்கிறான்.

விடியற்காலையில் அந்த டாக்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அந்தச் சல்லடையை நான் எலும்பில் பார்த்ததே இல்லை மேடம். படத்தில் பார்த்ததுதான்.”

அவர் சொன்னது உண்மை. 2001-ல் எங்கள் துறையில் முழுசான அசல் மண்டையோடு 4 இருந்தது. மாணவர்கள் 100 பேர். நாலையும் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தோம். அரசுக் கணக்கில் அது ஸ்டாக். ஒரு பல் உடைந்தாலும் பதிவேட்டில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவர் விளக்கம் எழுத வேண்டும். அதனால் மாணவர்கள் கையில் பிளாஸ்டிக் மண்டையோடு கொடுத்தோம். அந்த பிளாஸ்டிக்கில் சல்லடைத் தகடு இருக்கும், துளை இருக்காது. ஊசியால் குத்தி எடுத்த மாதிரி குழிகள் மட்டும் இருக்கும். ஒரு தலைமுடிகூட அதில் நுழையாது. தொட்டால் எல்லா இடமும் ஒரே கனம். மூக்கின் கூரை காகிதம் போன்றது என்பது அந்தப் பையனின் விரலுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பீரோ சாவி என் மேஜை டிராயரில்தான் இருந்தது.

அசல் எலும்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மூடியை எடுத்த மண்டையோட்டை இரண்டு கையிலும் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக, அடியிலிருந்து வெளிச்சம் வரும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். கண்களுக்கு மேலே இருக்கும் தரை, எண்ணெய் பட்ட காகிதம் போல மஞ்சளாக ஒளிரும். வெளிச்சம் அதற்குள்ளேயே ஊறி வரும். நடுவில் சல்லடைத் துளைகளில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். அந்தச் சல்லடையின் பக்கச் சுவர்தான் அடித்தளத்திலேயே மெல்லிய இடம், ஒரு மில்லிமீட்டரில் 5-ல் ஒரு பங்கு இருந்தால் அதிகம். நடுப்படியின் பின்னோரத்தில், காதை உள்ளே வைத்திருக்கும் எலும்பு மட்டும் வெளிச்சத்தையே விடாது. கருங்கல் மாதிரி நிற்கும். உடம்பிலேயே கெட்டியான எலும்பு அது. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் புதைந்தவர்களின் மரபணுவைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் கேட்பதும் அந்த எலும்பைத்தான். இத்தனை மெல்லியதும் இத்தனை கெட்டியானதும் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கின்றன. முதல் தடவை இதைப் பார்க்கிற மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2009-க்குப் பிறகு பீரோவைத் திறந்து வைத்தேன். மேஜைக்கு மேல் பழைய தலையணையைப் போட்டு, அதன் மேல்தான் மண்டையோட்டை வைக்க வேண்டும், பென்சில் கூடாது, குச்சி மட்டும் என்று 2 விதிகள். ஓய்வு பெறுவதற்குள் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். உடைந்த அந்த எலும்பில்தான் ஸ்பினாய்டின் உள்ளறையும், சாய்ந்த தடுப்பும் எல்லோரும் பார்க்கும்படி வெளியே தெரிந்தன. அதையும் பாடத்துக்கு வைத்துக்கொண்டோம்.

என் காலத்தில் இந்தப் பஞ்சம் இல்லை. 1976-ல் நான் எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது ஆளுக்குப் பாதி ‘போன் செட்’, அதாவது பாதி எலும்புக்கூடு, சீனியரிடமிருந்து விலைக்கு வாங்குவோம். என் செட்டைப் பழைய நூல்சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து லீவுக்கு ஊருக்கு எடுத்துப் போனால், அம்மா வீட்டுக்குள் விடமாட்டார். மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கும். செவ்வாய், வெள்ளி அதற்குப் பக்கத்திலும் போகமாட்டார். அந்த நாளில் கொல்கத்தாவிலிருந்து உலகம் முழுக்க எலும்புக்கூடுகள் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. 1985-ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. நியாயமான தடை. நான் படித்த அந்த மண்டையோடு யாருடையது என்று எனக்குத் தெரியாது. யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பல்லெல்லாம் சீராக இருந்தது, சின்ன வயது. இந்த நினைப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த வழி அடைபட்டது சரிதான். அதற்குப் பதிலாக நேர்மையான வழியில் எலும்பு வர வேண்டும் அல்லவா? அங்கேதான் கோட்டை விட்டோம். முன்பு முதலாண்டுப் பாடம் ஒன்றரை வருடம் நடக்கும். 1997-ல் அதை ஒரு வருடமாகச் சுருக்கினார்கள். மண்டையோட்டுக்குக் கிடைத்த நாட்கள் முதலில் குறைந்தன. கல்லூரிகளும் சீட்டுகளும் கூடின. உடல்தானம் மெல்ல மெல்லக் கூடி வருகிறது, அது நல்ல செய்தி. ஆனால் தானமாக வந்த உடலில் பாடம் முடிந்ததும் பல இடங்களில் எலும்போடு சேர்த்தே தகனமோ அடக்கமோ செய்துவிடுகிறார்கள். எலும்பைச் சுத்தம் செய்து எடுப்பதற்குக் கைப்பக்குவம் வேண்டும். எங்கள் துறையில் ஒரு அட்டெண்டர் அண்ணன் இருந்தார். மண்டையோட்டை அவர் ஒருபோதும் கொதிக்க விடமாட்டார், கொதித்தால் மெல்லிய தகடுகள் விட்டுப்போகும். வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து நிழலில் காயவைப்பார். மூக்குக்குள் இருக்கும் சுருள் எலும்புகூட உடையாமல் வரும். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவே இல்லை.

“ஸ்கேன் இருக்கே, எதற்கு எலும்பு?” என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர்களே கேட்கிறார்கள். ஸ்கேன் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் இன்று யாரும் மூக்கில் கத்தி வைக்கக் கூடாது. ஆனால் ஸ்கேன் காட்டுவது ரொட்டியை வெட்டிய துண்டு மாதிரி ஒவ்வொரு சீவலாகத்தான். முழு ரொட்டியைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் சீவலைப் பார்த்ததும் அது எந்த இடம் என்று தெரியும். இன்று சைனஸ் ஆபரேஷனுக்கு முன்னால் சி.டி. படத்தில் சல்லடைத் தகடு எவ்வளவு ஆழத்தில் இறங்கியிருக்கிறது என்று கெரோஸ் வகைப்படி பார்க்கிறார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை முதல் வகை, 4 முதல் 7 வரை இரண்டாவது, 8-ம் அதற்கு மேலும் மூன்றாவது. ஆழம் கூடக்கூட, அந்த மெல்லிய பக்கச் சுவர் கருவிக்கு எட்டும் இடத்தில் அதிகமாக வெளிப்பட்டு நிற்கும், ஆபத்தும் கூடும். இந்தக் கணக்கைக் குரோஷியாக்காரரான பிரெட்ராக் கெரோஸ் வெளியிட்டது 1962-ல். மண்டையோடுகளை ஒவ்வொன்றாக அளந்து எடுத்த கணக்கு அது. ஸ்கேனைப் படிக்கும் சூத்திரமே எலும்பிலிருந்து வந்ததுதான்.

காதுக்குப் பின்னாலும் இதே கதை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். காதுக்குப் பின்னிருக்கும் எலும்பை டிரில்லால் குடைந்துகொண்டே போய், முக நரம்புக்கும் நாக்கின் சுவை நரம்புக்கும் நடுவில் இருக்கும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வழியாகக் கருவியின் கம்பியை உள்ளே விட வேண்டும். முக நரம்பைத் தொட்டுவிட்டால் குழந்தையின் பாதி முகம் கோணிப்போகும். எலும்பு மெலிந்து வரும்போது டிரில்லின் சத்தம் மாறும். உள்ளே நரம்பு இருக்கும் இடம் நெருங்கும்போது எலும்பு வழியாக இளஞ்சிவப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைப் பழகிக்கொள்ள அசல் எலும்பைக் குடைந்து பார்க்க வேண்டும். அச்சடித்த பிளாஸ்டிக் எலும்பு டிரில் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். காது மூக்கு தொண்டைப் பிரிவில் படிக்கும் முதுகலை மாணவர்கள் எங்கள் துறைக்கு வந்து “மேடம், ஒரே ஒரு டெம்போரல் போன் கிடைக்குமா?” என்று, காதை உள்ளே வைத்திருக்கும் அந்த எலும்பைக் கேட்டுவிட்டு நிற்பார்கள். பல தடவை இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு பையன் முதல் எலும்பைக் குடைந்தது நோயாளியின் தலையில்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். சீனியர் பக்கத்திலேயே நின்றிருந்ததால் எதுவும் ஆகவில்லை.

2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை பரவியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தமிழக அரசு அறிவிக்கை செய்யப்பட்ட நோயாக அதை அறிவித்த நாட்கள். ஒரு ராத்திரி என் பழைய மாணவி ஒருத்தி, காது மூக்கு தொண்டை டாக்டர், போன் செய்தாள். கன்னத்து எலும்புக்குப் பின்னால், மேல்தாடைக்கும் ஸ்பினாய்டுக்கும் நடுவில், டெரிகோபாலடைன் ஃபாஸா என்று சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒரு இடுக்கு இருக்கிறது. எந்த மாணவருக்கும் பிடிக்காத பாடம். ஆனால் அந்த இடுக்கிலிருந்து மூக்குக்கு ஒரு வாசல், கண்ணுக்கு ஒன்று, அண்ணத்துக்கு ஒன்று, மூளைப் பக்கம் ஒன்று. பூஞ்சை அந்த வாசல்கள் வழியாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இந்த இடுக்கை விட்டுவிட்டால் திரும்பவும் கண்ணுக்குப் போனது. “மேடம், நீங்க தீக்குச்சி விட்டுக் காட்டின வழியிலேயே போகுது மேடம்” என்றாள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு 4 ஆபரேஷன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை, லைன் போய்விட்டது.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். உடல்தானப் படிவத்தில், “பாடத்துக்குப் பிறகு என் எலும்புகளைக் கல்லூரி வைத்துக்கொள்ளலாம்” என்று தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் அடித்துவிடலாம், அவர்களுக்கு முழு உடலும் மரியாதையோடு அடக்கம் ஆகட்டும். எலும்பைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளை ஒவ்வொரு கல்லூரியிலும் நியமிக்க வேண்டும். உடைந்தால் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் பழக்கத்தை விட வேண்டும், மாணவர் கையில் புழங்குகிற எலும்பு உடையத்தான் செய்யும். மூக்கு, காது, மூளை ஆபரேஷன் பழகுகிற முதுகலை மாணவர்கள் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் அசல் எலும்பில் பழகியாக வேண்டும் என்று ஆக்க வேண்டும்.

வாசகர்களுக்கு 2 விஷயம். தலையில் அடிபட்ட பிறகு ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் மாதிரி வடிந்தால், குனிந்தால் கூடினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது சளி என்று விட்டுவிடாதீர்கள். மூக்கைச் சிந்தவும் வேண்டாம். உடனே காது மூக்கு தொண்டை டாக்டரையோ நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டரையோ பாருங்கள். கவனிக்காமல் விட்டால் அந்த வழியாகக் கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். அடுத்து, உடல்தானம் செய்ய நினைக்கிறவர்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதைவிட முக்கியம் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது. கடைசியில் உடலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். வீட்டார் மறுத்து, கையெழுத்துப் போட்ட காகிதம் பீரோவிலேயே கிடந்துபோனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் 2017-லேயே கொடுத்துவிட்டேன். படிவத்தில் அந்த வரி இல்லை, ஓரத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிற்பாடு அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு முகத்தில் மின்னல் வெட்டுவது போல வலி வரும், முக்கிளை நரம்பு வலி. பல் வலி என்று நினைத்து 3 பல்லைப் பிடுங்கியும் தீரவில்லை. கடைசியில் கன்னத்திலிருந்து ஊசியை ஏற்றி, ஃபோராமென் ஓவேல் வழியாக உள்ளே விட்டு, நரம்பைச் சுட்டுத்தான் சரி செய்தார்கள். சிலருக்கு அந்தத் துளைக்குக் குறுக்கே ஒரு எலும்புப் பாலம் வளர்ந்திருக்கும். ஊசி எத்தனை முறை முயன்றாலும் முட்டும். போன வருடம் எனக்குச் சைனஸ் தொந்தரவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நானே ஒவ்வொரு சீவலாகப் பார்த்தேன். எனக்கு வலது பக்கத்தில் அந்தப் பாலம் இருக்கிறது. 32 வருடத்தில் என் மேஜைக்கு வந்த எந்த மண்டையோட்டிலும் அவ்வளவு முழுசாக அதை நான் பார்த்ததில்லை. என் மகனிடம் படத்தைக் காட்டி, படிவத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிடு, வலது பக்கம் குச்சி போகாது என்று பையன்களிடம் சொல்லச் சொல் என்றேன். ஸ்கேன் உறைமேல் துறையின் போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கூறியல் ஆசிரியை,
கோவில்பட்டி.

(மாணவர்களைப் பற்றி எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)